இம்ப்ளான்ட் வைத்த பிறகும் கணவர் ஒதுங்கியே இருக்கிறார்

மல்லிகை:
கணவருக்கு 54 வயது, நெடுநாள் சர்க்கரை, விறைப்பு வருவதில்லை. மாத்திரை, ஊசி எதுவும் பலிக்காமல், ஆணுறுப்புக்குள் வைத்து விறைக்கச் செய்யும் பம்ப் வைத்த இம்ப்ளான்ட் கருவியைப் பொருத்திக்கொண்டார். புண் ஆறிவிட்டது, இனி தடையில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இவரோ கட்டில் ஓரத்திலேயே படுக்கிறார். "முன்னைவிடச் சின்னதாகிவிட்டது" என்று புலம்பல். எனக்கும் ஒரு நெருடல்: ஆசைப்பட்டுத்தான் நெருங்குவாரா, பம்பை அமுக்கிவிட்டோமே என்றா? கூடப்பிறந்த அக்காவிடம்கூட இதைக் கேட்க முடியவில்லை.

பழைய வாத்தியார்:
சகோதரி, புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு நானும் இதை வைத்துக்கொண்டேன். நீளம் பற்றிய குறை பெரும்பாலோருக்கு வரும். வருஷக்கணக்கில் விறைப்பில்லாத உறுப்பு முன்பே கொஞ்சம் சுருங்கியிருக்கும். கருவி முனை வரை உப்பவும் செய்யாது. ஆபரேஷனுக்கு முன் இழுத்துப் பிடித்தால் இருந்த நீளம்தான் ஏறக்குறைய அப்புறமும். இருபத்தைந்து வயதோடு ஒப்பிட்டால் யாருக்குத்தான் ஏமாற்றமில்லை?

உங்கள் நெருடலை என் மனைவியும் கேட்டாள். உறுப்புக்குள் வைத்த உருளைக்குள் உப்புநீரை ஏற்றுவது மட்டும்தான் பம்ப்பின் வேலை. ஆசையை அது உண்டாக்காது, தொடு உணர்வையும் உச்சத்தையும் கெடுக்காது. எனக்கு விந்து வருவதில்லை, அது புராஸ்டேட்டை எடுத்ததால், உச்சம் இருக்கிறது. பம்ப்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். நீரை இறக்கும் பொத்தானைத் தேடித் தேடி இருவரும் சிரித்த சிரிப்பில் பாதிக் கூச்சம் போய்விட்டது.

தஞ்சை ரவி:
எனக்குப் பம்ப் இல்லை, வளையும் வகை. மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்தது. செலவு குறைவு, ஆனால் எந்நேரமும் விறைப்புதான், மடக்கி வைக்க வேண்டும். வேட்டியில் தெரிகிறதோ என்று கல்யாண வீடுகளுக்கே போகாமல் இருந்தேன். ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஏற்கெனவே பேச்சு நின்றுபோன தம்பதிக்கு இதனால் பேச்சு வராது. முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

வார்டு சிஸ்டர்:
யூராலஜி வார்டில் வேலை செய்கிறேன். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு கணவர் மட்டும் டாக்டரைப் பார்ப்பதுதான் இங்கே வழக்கம். அடுத்த ரிவ்யூவுக்கு நீங்களும் உள்ளே போங்கள், பம்ப்பை இருவருக்கும் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு, வீக்கம், காய்ச்சல், புதிதாக வலி என்றால் அன்றே காட்டுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கிருமித் தொற்று பயம் உண்டு. உங்களுக்கு மாதவிடாய் நின்றிருந்தால் பிறப்புறுப்பில் வறட்சியும் இருக்கலாம். அதை யாரும் கேட்கவே மாட்டார்கள். வழவழப்புக்குத் தடவும் ஜெல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்லிகை:
நின்று சில வருஷம் ஆகிறது சிஸ்டர். நீங்கள்தான் முதலில் கேட்டவர். ஜெல்லி சீட்டில்லாமல் கிடைக்குமா?

வார்டு சிஸ்டர்:
கிடைக்கும். தண்ணீரில் கரையும் வகை என்று கேட்டு வாங்குங்கள்.