புதுப்பிப்பு: ஏற்காடு பஸ்ஸும் என் வயிறும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவதற்குள் வாந்தி வந்துவிடுகிறது, வயிறும் புண் வயிறு, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, போய்விட்டு வந்தாச்சு.

ரொம்ப உதவியது சீட்தான். பின் சக்கரத்துக்கு மேலே உட்காராமல், முன்னால் ஜன்னலோரம் பிடித்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். உள்காது ஆட்டத்தை உணரும்போது கண்ணும் அதையே பார்த்தால் மூளை குழம்பாதாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் வாய்க்குள் எச்சில் ஊறியதோடு சரி.

வெறும் வயிற்றோடு போ என்றவர்கள் மன்னிக்கணும், எனக்கு அது புளித்த ஏப்பத்தில்தான் முடியும். சட்னி இல்லாமல் இரண்டு இட்லி, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட் கூப்பிட்டது, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இஞ்சி மரப்பா பலருக்குக் கேட்கும், எனக்கு நெஞ்செரிச்சல்தான் வந்தது, எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்ததே போதும்.

வாந்தி வராமல் இருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த ப்ரோமெத்தசின் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டேன். வேலை செய்கிறது, ஆனால் படகு ஏரிக்கரையில் உட்கார்ந்தே தூங்கிவிட்டேன், அதனால் வண்டி ஓட்டுகிறவர்கள் அந்த மாத்திரை பக்கமே போகாதீர்கள்.

இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து வருவதால் குமட்டல் கொஞ்சம் அதிகம், அதற்கு இன்னும் வழி தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.