2.5 மீற்றர் வீழ்ச்சிக்கு எந்தச் சுழலி பொருந்தும்?

கேள்வி – கோண்டாவிலான்

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நீர்மின்சாரம் பற்றிக் கேட்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். கேள்வி, கிளிநொச்சியில் உள்ள என் மாமனாரின் வயலைப் பற்றியது. வயலோர வாய்க்காலில் கொங்கிறீற்றுப் படியொன்றில் தண்ணீர் விழுகிறது. மேற்கட்டிலிருந்து கீழ்த்தளம் வரை நாடா பிடித்ததில் 2.5 மீற்றர் வந்தது. செக்கனுக்கு 300 லீற்றர் ஓடும் என்பது என் மதிப்பீடு. கடைக்காரர் ஒருவர் பெல்ரன் சுழலியைக் காட்டி, மலையகத்தில் இதைத்தான் பூட்டுகிறார்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில் – பட்டறைக்காரன்

வாங்க வேண்டாம், தம்பி. பீச்சுகுழாயிலிருந்து பாயும் தண்ணீர் கிண்ணங்களில் மோதுவதால்தான் பெல்ரன் சுழல்கிறது. 100 மீற்றர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் செக்கனுக்கு 44 மீற்றர் வேகத்தை எட்டும், உங்கள் 2.5 மீற்றரில் அது 7 மீற்றர்தான். மலையகத்துக்கு உகந்தது வன்னிச் சமவெளிக்கு உகந்ததாகாது.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நாடா பிடித்த நாளில் வாய்க்காலில் தண்ணீர் இருந்ததா? கணக்கில் சேர்வது மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரமே தவிர, கட்டுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள உயரம் அல்ல. கீழ் வாய்க்கால் நிரம்ப நிரம்ப அந்த உயரம் குறையும். பெருவெள்ளத்தில் இல்லாமலே போய்விடும். ஓட்டத்தையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பொச்சுத் துண்டொன்றை மிதக்கவிட்டு, அது 20 மீற்றர் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம் கிட்டும்.

பதில் – கோண்டாவிலான்

நான் அளந்தது புரட்டாதியில், வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது. இப்போது காலபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருப்பதால் மறுபடி அளந்தேன். மட்டத்துக்கு மட்டம் 1.7 மீற்றர். வாய்க்கால் 1.2 மீற்றர் அகலம், தண்ணீர் 0.5 மீற்றர் ஆழம், பொச்சு 40 செக்கனில் கடந்தது. ஆகவே செக்கனுக்கு 255 லீற்றர். 2.5 என்று நம்பியிருந்த எனக்கு ஏமாற்றம்தான்.

பதில் – நீரோட்டம்

0.255 ஐ 1.7 ஆலும் 9.81 ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 4.25 கிலோவாற்று. சுழலி, பட்டி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றின் இழப்புகள் போக 60 வீதம் கிடைத்தாலும் 2.5 கிலோவாற்றுத்தான் மிஞ்சும். ஒரு வீட்டுக்கும் சிறிய தண்ணீர்ப் பம்பிக்கும் அது காணும்.

இதழ்களுள்ள உருளையின் குறுக்காகத் தண்ணீர் பாயும் குறோஸ்புளோ சுழலியை உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒட்டிச் செய்யலாம். ஓட்டம் பாதியாகக் குறைந்தாலும் நன்றாக இயங்கும். ஆனால் அதன் உருளை கீழ் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டியிருப்பதால், 1.7 மீற்றரில் கணிசமான பங்கு வீணாகும். நிலையான இதழ்களுள்ள புறொப்பெல்லர் சுழலியின் அடியில் விரிந்து செல்லும் குழாய் தண்ணீருக்குள் மூழ்கி நிற்பதால், உயரம் பெரிதாக வீணாகாது. ஓட்டம் மாறினால் அதன் திறன் சட்டென்று விழும் என்பது உண்மை. ஆயினும் வாய்க்காலின் ஓட்டத்தை மதகு ஓரளவு சீராக வைத்திருக்கும்போது, அதற்காக இதழ்கள் திரும்பும் விலைகூடிய கப்லானுக்குப் போக வேண்டியதில்லை. ஆகவே என் தெரிவு புறொப்பெல்லர். முன்னால் கம்பிச் சல்லடை கட்டாயம், ஏனெனில் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களை ஒரே இரவில் சுழலியின் வாயை அடைத்துவிடும். சல்லடை வழிக்க ஆளில்லை என்றால் மட்டும், சாய்வாகக் கிடந்து சுழலும் பெரிய திருகாணி போன்ற ஆக்கிமிடீஸ் திருகைப் பாருங்கள். குப்பையும் மீனும் அதனூடே தாமாகவே போகும். ஆனால் மெதுவாகச் சுழலும் பாரமான இரும்பு அது, கியர்ப்பெட்டியும் கேட்கும்.

பதில் – பட்டறைக்காரன்

ஒன்று விடுபட்டுவிட்டது. மின்சுமை திடீரென அறுந்தால் புறொப்பெல்லர் வழக்கமான வேகத்தைப் போல் இருமடங்குக்குத் தாவக்கூடும்; மீந்த மின்சாரத்தைச் சூடாக்கும் கம்பிக்கு அனுப்பும் சுமைக் கட்டுப்படுத்தி இல்லாமல் ஓட்டாதீர்கள். வாய்க்கால் உங்களுடையதல்ல என்பதால், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் எடுங்கள். சுழலியை நிறுத்தும்போது தண்ணீர் சுற்றிப் போகப் பக்கவாய்க்காலும் வெட்டுங்கள். கீழ் வயற்காரர் நீரின்றி நிற்கக்கூடாது.