யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை (வல்வை) ஆக்களோடு உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

கிழக்குக்கரை:
பொஸ்டனில பதினொரு வருசமா இருக்கிறன். போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனனான். உதயசூரியன் கடற்கரைப் பட்டப்போட்டி எல்லாருக்கும் தெரியும், விடுறன். ரேவடிக் கடற்கரையில கவிட்டுப்போட்ட ஒரு பழைய மரவள்ளத்துக்குப் பக்கத்தில ஒரு ஐயா இருந்தவர். விரலை மடக்கிப் பலகையில தட்டுவார், காதை வைச்சுக் கேப்பார், நாலு விரல் தள்ளித் திரும்பத் தட்டுவார். ஓரிடத்தில சத்தம் மங்கிச்சுது. "உள்ளுக்க உழுத்திட்டுது" எண்டு கரிக்கட்டியால கோடு போட்டார்.

எங்கை இருக்கிறாய் எண்டார். சொன்னன். "அப்ப அன்னபூரணி போய்ச் சேந்த துறையைப் பாத்திருப்பாய்."

எங்கட ஊரில வேப்பமரத்தில கட்டின கப்பல், 89 அடி. றொபின்சன் எண்ட அமெரிக்கன் வாங்க, எங்கட ஆக்களே ஓட்டிக்கொண்டுபோய் 1938 ஓகஸ்ட் 1 குளொஸ்டரில சேத்தவை. என்ர வீட்டிலயிருந்து ஒரு மணித்தியாலம். ஒருநாளும் போனதில்லை. "ஓம் ஐயா, பாத்தனான்" எண்டிட்டன். உடனே கேட்டார்: "தண்ணி ஆழமோ? கரையிலயே கட்டலாமோ, நங்கூரம் போடவேணுமோ?"

என்ன மழுப்பினனோ தெரியாது. அந்தப் பொய் இன்னும் குத்துது.

நாகை மீனவன்:
அந்த ஊருக்கு நான் போனதில்ல. அந்த ஊர்க்காரங்களைக் கடல்ல பார்த்திருக்கேன். என்ஜின் நின்னு ராத்திரி முழுக்க நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்க படகை இழுத்துக்கிட்டுப் போச்சு. விடியறப்ப ரெண்டு பேர் ஃபைபர் போட்ல வந்தாங்க. ஒரு கேன் தண்ணி, ஒரு பொட்டலம் புட்டு. பெரியவர் எங்க மடியை, அதான் இழுவை வலையை, கையில தூக்கிப் பார்த்தார். "இது அடியோட வழிக்கிற மடியெல்லோ தம்பி"ன்னார். அப்புறம் ஒரு வார்த்தை பேசல. கயிறு கட்டி இழுத்து விட்டுட்டுப் போயிட்டார்.

வல்வைப் பெடியன்:
நாகை அண்ணை, எங்கட பக்கக் கதையையும் கேளுங்கோ. அம்மான்ர சங்கிலியை அடகு வைச்சு வாங்கின வலை. ராவில இழுவை மடி அறுத்துக்கொண்டு போட்டுது, விடியப் போனால் அப்பா பொறுக்கிக்கொண்டு வந்தது மிதப்புக்கட்டை மட்டும். அடிமடி இஞ்சை 2017இல சட்டத்தால தடை, எங்கட ஆக்களுக்கும் தடைதான். புட்டுக் குடுத்த கை இன்னும் குடுக்கும். மடியை மாத்துங்கோ, அவ்வளவுதான் கேக்கிறம்.

முத்துக்குளித்துறை:
முதல்ல எழுதின தம்பிக்கு. ஐயாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க, கோவிக்க மாட்டார். அவர்கிட்ட அளவு கேட்டு எழுதிக்கோங்க. ஏரா (அடிமரம்) இத்தனை அடின்னா வங்கு (விலாச்சட்டம்) என்ன கனம், பலகை எப்படி வளைக்கணும், எல்லாம் வாய்க்கணக்குதான், தாள்ல கிடையாது. அவரோட போயிடும். அந்த வள்ளத்தை வெயில்ல விடாதீங்க. மரம் காஞ்சா பலகைக்கு நடுவுல இடுக்கு விரியும். ஓலை போட்டு மூடி, தண்ணி தெளிக்கச் சொல்லுங்க. கலப்பத்துக்கு, அதாவது பலகை இடுக்கை அடைக்க, பஞ்சுத்திரி போடுங்க, சிமெண்ட் பூசவே கூடாது. இறக்கின அன்னைக்குக் கசியும், ஊறினா அடைஞ்சிடும். என் தாத்தா தூத்துக்குடியில தோணி கட்டினவர். கலப்பத்து அடிக்கிற கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) சத்தம் மாறினா தூக்கத்துலயே எழுந்து உட்காருவார். என் அனுபவம் இவ்வளவுதான்.

கிழக்குக்கரை:
போன சனி குளொஸ்டருக்குப் போனனான். சுக்கானைப் பிடிச்சபடி நிக்கிற வெண்கல மீனவருக்கு முன்னால கனநேரம் நிண்டன். பிறகு துறைக்கு இறங்கினன். ஐயாட்டை போன் இல்லை. மச்சானிட்டைச் சொல்லிவிட்டிருக்கிறன்: நான் முந்திச் சொன்னது பொய். தண்ணி ஆழம். கரையிலயே கட்டலாம்.