பிரசவத்துக்குப் பிறகு தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை: இது நோயா?

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

எனக்கு 29 வயது. சுகப்பிரசவமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அப்போது போட்ட தையலும் ஆறிவிட்டதாகச் சொன்னார்கள். இணை உணவு தொடங்கிய பின்னும் இரவில் மூன்று நான்கு முறை தாய்ப்பால் கொடுக்கிறேன். என் கணவர் அன்பானவர், கட்டாயப்படுத்துபவர் அல்லர். ஆனாலும் பகல் முழுவதும் குழந்தையை இடுப்பிலும் மடியிலும் வைத்திருந்துவிட்டுப் படுக்கும்போது, அவர் தோளில் கை வைத்தால்கூட என் உடம்பு தானாக ஒதுங்குகிறது. இரண்டு முறை முயன்றோம். எரிச்சலையும் வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேனே தவிர, அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் பேச்செடுத்தபோது, 'அவர் மனம் கோணாமல் நடந்துகொள்' என்றார். என் மனத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு ஏதேனும் நோயா, அல்லது அவர்மீதுள்ள அன்புதான் குறைந்துவிட்டதா?

மறுமொழி 1 (மகப்பேறு பிரிவில் பணியாற்றும் செவிலியர்)

அன்புச் சகோதரி, நீங்கள் சொல்லும் எரிச்சலுக்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிகுந்திருக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிடுவதால், பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகிறது; நாட்டமும் அதனோடு சேர்ந்து தணிகிறது. பால் கொடுப்பது குறையக் குறைய இது பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலி வரும் என்று அஞ்சும் உடம்பு, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகளை முன்கூட்டியே இறுக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கமே அடுத்த முறை வலியைக் கூட்டிவிடுகிறது.

மருந்துக்கடையில் கிடைக்கும், நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பு ஜெல்லைப் பயன்படுத்தலாம். ஆணுறை அணிவதாக இருந்தால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்து கிழிந்துவிடும். தையல் போட்ட இடத்தைத் தொட்டாலே வலிக்கிறதா என்பதை ஒரு பெண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காரணமின்றி அழுகை வந்தாலோ எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: பால் கொடுப்பதே கருத்தடையாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, வேறு உணவு இல்லாமல், மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அது பொருந்தும்.

மறுமொழி 2 (இரண்டு பிள்ளைகளின் தாய், வயது 46)

தங்கையே, உன் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் இரண்டு ஆண்டுகள் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன். ஆசை முதலில் வர வேண்டும், அதன் பிறகுதான் நெருக்கம் என்று நினைத்திருந்தேன். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டில் வேறொரு வரிசையை எடுத்துரைத்தார்: நெடுநாள் உறவில் இருக்கும் பல பெண்களுக்கு, மனத்துக்குப் பிடித்த நெருக்கமும் தொடுதலும் முதலில் வர, ஆசை அவற்றைப் பின்தொடர்ந்தே எழுகிறது. தானாகப் பொங்கவில்லை என்பதால் அன்பு வற்றிவிட்டது என்று பொருளில்லை. பிடிக்காதபோதும் இணங்கிப்போ என்பதும் இதற்குப் பொருளில்லை. அந்த நெருக்கம் உனக்குப் பிடித்திருக்க வேண்டும், வேண்டாம் என்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

என் வீட்டில் மாற்றம் வந்தது படுக்கையில் அல்ல. ஓர் இரவு, பால் கொடுத்து முடித்ததும் என் கணவர் குழந்தையை வாங்கித் தூளியில் போட்டு, கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, 'நீ தூங்கு' என்றார். வாரக்கணக்கில் அதுவே தொடர்ந்தது. உறவு வேண்டாம், பக்கத்தில் படுத்துப் பேசினால் போதும் என்று நான் வாய்விட்டுச் சொல்லி, அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் என் உடம்பு ஒதுங்குவதை நிறுத்தியது. உன் கணவர் அன்பானவர் என்கிறாய். வலித்தது என்பதை அவரிடம் நீயே சொல்லிவிடு.

கேட்டவரின் பதில்

அக்கா, நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'முதல் முறையே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டார், இருவருமே அழுதோம். செவிலியர் சகோதரிக்கும் நன்றி. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன், என் கணவரும் உடன் வருகிறார்.