கலைச்சொல்: ஆட்டங்களில் வரும் ‘ப்ராக்’

நண்பர்களுக்கு வணக்கம்.

இணைய ஆட்டங்களில் வாளை வீசும்போது சில அடிகளில் மட்டும் நஞ்சோ நெருப்போ கூடுதலாக இறங்கும். ஆடுபவர்கள் ‘ப்ராக் (proc) ஆச்சு’ என்பார்கள். ‘நிரலில் வைத்த தற்செயல் நிகழ்வு’ எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் (programmed random occurrence) சுருக்கம் இது என்கிறார்கள். ‘நிரல்தற்செயல்’ எனலாமா?

———

> மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்

அந்த விரிவு பின்னால் ஒட்டவைத்தது. முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ப்ரோ’ வரைதான் வரும். கடைசி மெய்க்கு மூன்றாம் சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

வலுவான தடம் வேறு. கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதி 1991இல் வெளிவந்த உரை ஆட்டம் டிக்குமட். அதன் நிரலில் ‘ஸ்பெக்_ப்ராக்ஸ்.சி’ என்றொரு கோப்பு உண்டு: சிறப்புச் செயல்முறைகள். பாம்புக்கான செயல்முறையைப் பாருங்கள். சண்டை நடக்கையில் ஒரு சீரற்ற எண் எடுக்கும். அது 0 ஆனால் மட்டும் நஞ்சு ஏறும். இன்றைய பொருள் அப்படியே அங்கே இருக்கிறது. பின்னால் வந்த இணைய ஆட்டமான எவர்குவெஸ்டின் (1999) தயாரிப்பாளர்கள், டிக்குமட் நிரலை எடுக்கவில்லை என்று 2000இல் உறுதிமொழி தந்தார்கள். ஆகவே அங்கே இச்சொல் நிரல் வழியே அல்ல, ஆடுபவர்களின் வாய்வழியே போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூலத்தைப் பிடித்து ‘செயல்முறை’ என்றால் யாருக்கும் விளங்காது. ‘தெறிப்பு’ எப்படி? ‘தீ தெறித்தது.’

———

> ‘தெறிப்பு’ எப்படி?

இலங்கைப் பாடநூல்களில் தெறிப்பு என்றால் ஒளி பட்டுத் திரும்புவது. அடியை அடித்தவர் மீதே திருப்பும் திறனும் ஆட்டங்களில் இருப்பதால் இரண்டும் மோதும்.

‘பலிப்பு’ என் பரிந்துரை. மந்திரம் பலித்தது, கனவு பலித்தது என்கிறோம். பலிக்காமலும் போகலாம் என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. ‘நஞ்சு பலித்தது.’

———

பலிப்புக்கு என் ஆதரவு. கூட்டுச்சொற்களில் வைத்துப் பார்த்தேன்.

அடிக்கு 10% வாய்ப்பு என்றால், 1.8 நொடிக்கு ஒருமுறை அடிக்கும் கத்தி நிமிடத்துக்குச் சராசரி 3.3 முறை பலிக்கும், 3.6 நொடிக் கோடரி 1.7 முறைதான். இதைச் சமன்செய்யவே சில ஆட்டங்களில் நிமிடக் கணக்கு வைக்கிறார்கள்: நிமிடத்துக்கு 1 என்றால் கத்திக்கு அடிக்கு 3%, கோடரிக்கு 6%. ஆகவே ‘அடிப் பலிப்பு’, ‘நிமிடப் பலிப்பு’ என இரண்டும் தனித்தனியே வேண்டும். ஒருமுறை பலித்தபின் மறுபடி பலிக்காத இடைவெளிக்கு ‘பலிப்பு ஓய்வு’.

ஒரே எச்சரிக்கை: இடமில்லை என்று திரையில் ‘பலி’ எனச் சுருக்கிவிடாதீர்கள். ஆடுபவர் ஆள் செத்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். ‘பலித்தது’ என்று முழுதாகவே போடுங்கள்.