மறுமடல்: ‘உயரச் சரிவு’ போதுமா?

> ஓடைப் பூச்சிகள் கட்டுரையில் எலிவேஷன் கிரேடியன்டுக்கு (உயரம் ஏற ஏற வரும் மாற்றத்துக்கு) ‘உயரச் சரிவு’ என்று போட்டேன். என்ன குறை, தம்பி?

அண்ணாச்சி, ஓடைக்கென்று ஏற்கெனவே ஒரு சரிவு இருக்கிறது, தண்ணீர் ஓடும் தரையின் சரிவு. ஓட்டத்தின் வேகம் அதைப் பொறுத்தது. அதற்குக் கொத்தனார் சொல்லும் ‘வாட்டம்’ இருக்கவே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏற ஏற நடப்பதற்கு ‘உயரவாரி மாற்றம்’ என்று வைக்கலாம். வார்டுவாரி, வயதுவாரி எல்லாம் பேப்பரில் தினமும் வருகிறதே.

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சுமார் 6 டிகிரி குளிரும், தண்ணீரும் பின்னாலேயே குளிரும். 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 20 டிகிரியில் 9. (உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இந்த லாபத்தில் கொஞ்சம் போய்விடும்.) செவுளை நம்பி வாழும் பூச்சிகளுக்கு இது பெரிய விஷயம். குமரி மாவட்டத்துக் காளிகேசத்தில் ஓடையில் ஓட்டமுள்ள இடத்தில் ஒரு கல்லைப் புரட்டுங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றின் இருபுறமும் செவுளை அசைத்துக்கொண்டிருப்பது மேஃபிளையின் இளம்பூச்சி. வாலில் பெரும்பாலும் மூன்று இழை. வாலிழை இரண்டே இரண்டு, ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃபிளை. தேங்கிய குட்டையில் இவற்றை அதிகம் பார்க்க முடியாது. அங்கே வாலிலுள்ள குழலை மேலே நீட்டி மூச்சுவிடும் கூத்தாடிப்புழுவும், இறக்கைக்கு அடியில் காற்றைச் சுமந்து முங்கும் வண்டும்தான் அதிகம்.

> மறுமடல்

‘வாட்டம்’ பிரமாதம். ‘உயரவாரி’யும் சரி. ஆனால் நம்ம கட்டுரை வறள்நில ஓடை பற்றியது, தம்பி. மழைக்குக் குறைவில்லாத கல்குளத்துக்காரரிடம் வறள்நிலம் என்றால் சிரிப்பார்; கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டிப் பாருங்கள், வறட்சி தெரியும். மலையிலிருந்து இறங்கும் ஓடை அடிவாரத்து மணலில் உறிஞ்சப்பட்டுக் காணாமல் போகும். மேலே கசிவு நிற்காத இடத்தில் வருஷம் முழுக்கப் பூச்சி இருக்கும். கீழே, மழை பெய்தபின் பறந்து வந்து சேர்வதும், சீக்கிரம் வளர்ந்து சிறகு முளைத்துக் கிளம்பிவிடுவதும்தான் மிஞ்சும். இது குளிரால் வந்த வித்தியாசமா, தண்ணீர் நின்ற நாளால் வந்ததா? ‘உயரவாரி’ என்று மட்டும் போட்டால் இரண்டும் ஒரே கணக்கில் போய்விடும். ஓடையில் தண்ணீர் இருக்கும் நாட்களுக்கு ‘நீர்நாள்’ என்று தனிச்சொல் வைத்து, அட்டவணையில் உயரத்துக்குப் பக்கத்தில் தனிப் பத்தியாகப் போடுவோம். ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.