பவுடர் ஸ்கீயும் பைண்டிங்கும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆழமான புதுப்பனியில் நன்றாகவே சறுக்கத் தெரிந்தவர்கள் தங்களுடைய ஃப்ரீரைடு ஸ்கீயையும் (சீர்செய்யாத சரிவுகளில் ஓட்டுவது), காலில் போடும் பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கையும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவுடர் ஸ்கீயைப் பவுடருக்காக, அதாவது புதுப்பனிக்காக, மட்டும் வாங்கக் கூடாது. இரவெல்லாம் பனி கொட்டிய மறுநாள், லிஃப்ட் திறந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் யாரும் தொடாத பனி கிடைத்தால் அதுவே அதிகம். அப்புறம் சரிவு முழுக்க உழுத வயல் மாதிரி ஆகிவிடும். ஓர் இடம் மென்மையாக இருக்கும், அடுத்த அடியில் கட்டி தட்டும், அதற்கடுத்து அடியில் கிடக்கும் இறுகிய தளம் தெரியும். முதல் இரண்டு மணி நேரத்துக்கு அகலமான எந்த ஸ்கீயும் இன்பமாகத்தான் இருக்கும். மீதி நாளில்தான் ஒரு ஸ்கீ யார் என்று தெரியும்.

நானும் என் நண்பரும் ஒரே மாதிரி உயரம், எடை. பூட்டின் அடி நீளமும் ஒன்றே. அதனால் ஒரு பனிநாளில் நடுவில் ஸ்கீயை மாற்றிக்கொண்டோம். என்னுடையது இடுப்பகலம் (காலடியில் ஸ்கீயின் அகலம்) 122 மி.மீ., கார்பன் கலந்த இலகு ரகம், முன்நுனி நீளமாக மேல்நோக்கி வளைந்தது. அவருடையது 110 மி.மீ., ஒற்றை ஸ்கீ 2,200 கிராமுக்கு மேல், உள்ளே டைட்டனால் என்ற உலோகத் தகடு. காலையில் என்னுடையதுதான் ராஜா. மரங்களுக்கு இடையில் நினைத்த இடத்தில் திரும்பியது. பத்தரை மணிக்குப் பிறகு கதை மாறிவிட்டது. ஒவ்வொரு கட்டியிலும் நுனி பக்கவாட்டில் தள்ளப்பட்டது. பூட்டின் நாக்கில் கீழ்க்காலின் முன்னெலும்பு 'டக், டக்' என்று மோதுவதை உணர்ந்தேன். ஸ்கீயை மாற்றிக்கொண்ட பிறகு அதே சரிவை அதே வேகத்தில் இறங்கினேன். நுனி கட்டியைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது, கால் அமைதியாக இருந்தது. அகலத்தில் 12 மி.மீ. குறைந்ததை மாலைவரை நான் ஒரு குறையாக உணரவே இல்லை.

இதற்குக் காரணம் எடையும் அதிர்வைத் தாங்கும் தன்மையும்தான். பவுலோனியா மரம் மிக இலகு. பாப்லர் நடுத்தரம். ஆஷ், பீச், மேப்பிள் கனமானவை, அதிர்வை நன்றாக விழுங்குபவை. டைட்டனால் என்பது அலுமினியக் கலவைதான். ஸ்கீயின் முழு நீளத்துக்கும் அதைப் போட்டால் நிலைத்தன்மை கூடும், ஆனால் பவுடரில் நுனி வளைந்து மிதப்பது கொஞ்சம் குறையும். காலடிப் பகுதியில் மட்டும் தகடு வைத்த ஸ்கீகள் நல்ல சமரசம் என்பது என் எண்ணம்.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிதப்பதற்கு அகலம் மட்டும் காரணம் அல்ல. 2000களின் தொடக்கத்தில் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி தண்ணீர்ச் சறுக்குப் பலகையைப் பார்த்து யோசித்து, வொலான்ட் நிறுவனத்துக்காக ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயை உருவாக்கினார். நடுப்பகுதி கீழே, இரு நுனிகளும் மேலே. ஓரங்கள்கூட வழக்கத்துக்கு மாறாக நடுவில் அகன்று, நுனிகளில் குறுகியவை. ஆழமான பனியில் வழுக்கித் திரும்பலாம் என்பதை அது காட்டியது. ஆனால் இறுகிய பனியில் அதை ஓட்டுவது பெரும்பாடு. அதனால்தான் இன்றைய ஃப்ரீரைடு ஸ்கீக்கள் பெரும்பாலும் முன்னே ரோக்கர் (நுனி மேல்நோக்கி வளைவது), காலடியில் கேம்பர் (நடுப்பகுதி வில் மாதிரி எழும்பி நிற்பது), பின்னே சிறிய ரோக்கர் என்று வருகின்றன. கடையில் இரண்டு ஸ்கீக்களின் அடிப்பாகத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ரோக்கர் நீளமாக இருந்தால் இறுகிய பனியில் தரையைத் தொடும் ஓரம் குறைவு. அதனால் தலை உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே எடுக்கலாம். எனக்கு 178 செ.மீ. உயரம், 184 அளவு பொருந்துகிறது.

பைண்டிங்கை எந்த இடத்தில் பொருத்துவது என்பதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. முன்நோக்கியே ஓடுவதற்காகச் செய்த ஸ்கீக்களில் உற்பத்தியாளர் போடும் கோடு நடுப்புள்ளியிலிருந்து 9, 10 செ.மீ. பின்னால் இருக்கும். விளையாட்டுத்தனமான, இரு நுனிகளும் வளைந்த ஸ்கீக்களில் அது 3 முதல் 6 செ.மீ. பின்னால். முதல் ரகத்தில் பூட்டின் முன்பக்கத்தை அழுத்தி ஓட்ட வேண்டும். இரண்டாவதில் நடுவில் நின்றாலே போதும். உங்கள் நிற்கும் பாணி எது என்று தெரியாமல் பேர் பெற்ற மாடலை வாங்கினால் அந்த ஸ்கீ உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும்.

———

நல்ல பதிவு. ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன், சண்டைக்கு அல்ல.

நான் 54 கிலோ. இணையத்தில் இருக்கும் பெரும்பாலான அறிவுரைகள் 80 கிலோ ஆணுக்காக எழுதப்பட்டவை. 'கனமான, விறைப்பான, டைட்டனால் போட்ட ஸ்கீயை எடு' என்பதை நான் கேட்டு ஓட்டியபோது பின்நுனி பனியில் மாட்டிக்கொண்டு விடுபடவே இல்லை. என் எடையில் அந்த ஸ்கீ வளைவதே கிடையாது. வளையாத ஸ்கீ திரும்பாது, தொடை எரிச்சல் மட்டும் மிஞ்சும். இப்போது 112 மி.மீ. இடுப்பு, ஒற்றை ஸ்கீ 1,800 கிராம், பின்நுனியில் இளகிய ஒன்றை ஓட்டுகிறேன். வெட்டுப்பட்ட பனியிலும் எனக்கு அது போதும், ஏனென்றால் கட்டியில் மோதும் என் வேகமும் எடையும் வேறு.

இன்னொன்று, எந்த மலைத்தொடரின் பனி என்பதும் முக்கியம். அமெரிக்காவின் யூட்டாவில் விழுவது உலர்ந்த, இலகுவான பனி. அதில் 110 மி.மீ.கூட ஆழத்தில் இன்பமாகப் போகும். அங்கே மேற்குப் பக்கம் உள்ள சியரா, காஸ்கேடு மலைத்தொடர்களில் கடல் காற்று கொண்டுவரும் ஈரப் பனி கனமானது. 'சியரா சிமென்ட்' என்று சும்மாவா சொல்கிறார்கள்! அந்தப் பனியில் எனக்கு அகலமும் நுனி ரோக்கரும் கட்டாயம் வேண்டும். அகலம் குறைந்தால் நுனி அடியில் புகுந்து ஆளைக் கவிழ்க்கும்.

———

இருவர் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். ஸ்கீயைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, பைண்டிங்கைப் பொருத்தும் இடத்துக்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். கெட்ட ஸ்கீ ஒரு நாளைக் கெடுக்கும். கெட்ட பைண்டிங் முழங்காலைக் கெடுக்கும்.

ஒரு மலைவிடுதியில் வாடகைக்கு ஸ்கீ எடுத்தேன். என் பூட்டுக்குக் கிரிப்வாக் அடி, அதாவது நடக்க வசதியாக வளைந்த ரப்பர் அடி. அங்கே கொடுத்த பைண்டிங் பழையது, தட்டையான ஆல்பைன் அடிக்காக மட்டும் செய்தது. கடைக்காரர் பூட்டைச் செருகிப் பார்த்தார், 'க்ளிக்' என்றது, அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார். மதியம் வேகமே இல்லாமல் ஒரு மரத்தடியில் திரும்பும்போது பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். ஸ்கீ கழன்றிருக்க வேண்டும், கழலவில்லை. கால் திருகியது. முழங்காலின் உட்புறத் தசைநார் நீண்டுபோனது. வேகமாக விழுந்தவர்களைவிட மெதுவாகத் திருகி விழுந்தவனுக்கு அடி அதிகம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எதனால் இப்படி என்பதை விளக்குகிறேன். பூட்டின் முன்பகுதி பைண்டிங்கின் கீழே உள்ள ஒரு வழுக்குத் தகட்டின் மீது அமர்கிறது. விழும்போது பூட் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வருவதற்கு அந்தத் தகடு உதவ வேண்டும். ரப்பர் அடி தவறான உயரத்தில் அழுந்தி உட்கார்ந்தால் உராய்வு கூடி, டின் எண், அதாவது எவ்வளவு விசையில் பைண்டிங் கழல வேண்டும் என்று வைக்கும் அளவு, எவ்வளவு சரியாக இருந்தாலும் கழலாது. அதனால் பூட்டின் அடி எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் பாருங்கள். ஐஎஸ்ஓ 5355 என்றால் வழக்கமான ஆல்பைன் அடி. 9523 என்றால் மலையேற்ற பூட். 23223 என்றால் கிரிப்வாக். பைண்டிங் அந்த அடியை ஏற்கும் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். 'பூட் உள்ளே போகிறதே' என்பது சான்று அல்ல.

டின் எண் விஷயத்தில் ஆண்கள் நிறையப் பேர் பெருமைக்காகப் பெரிய எண் போட்ட பைண்டிங்கை வாங்குகிறார்கள். எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், ஓட்டும் பாணி இவற்றை வைத்து அட்டவணையில் பார்த்தால் சுமார் 75 கிலோ உள்ள அனுபவசாலிக்கு எட்டுக்கு அக்கம்பக்கம்தான் வரும். லுக் பிவட் 18 என்ற பைண்டிங்கின் அளவே 8-இல் தொடங்கி 18-இல் முடிகிறது. அதில் அவர் ஸ்ப்ரிங்கின் அடிமட்டத்திலேயே நிற்பார். பிவட் 15-இன் வரம்பு 6 முதல் 15, மார்க்கர் கிரிஃபானுக்கு 4 முதல் 13. உங்கள் எண் வரம்பின் நடுவில் விழுவதுதான் நல்லது. 54 கிலோ என்று எழுதிய சகோதரிக்குக் குறைந்தபட்ச எண்ணைப் பார்ப்பது இன்னும் முக்கியம்.

எண்ணைவிட நான் பார்ப்பது எலாஸ்டிக் பயணம். ஒரு கட்டியில் மோதியதும் பூட் பைண்டிங்கில் சற்று நகர்ந்து, கழலாமல் திரும்பி நடுவுக்கு வரும் தூரம் அது. பிவட்டின் பின்பகுதி 28 மி.மீ. மேலே எழும்பியும் திரும்ப அமரும். முன்பகுதி பக்கவாட்டில் 45 மி.மீ. வரை. இப்படிப்பட்ட பைண்டிங்கில் டின்னை ஏற்றாமலே, வெட்டுப்பட்ட பனியில் காரணமில்லாமல் கழலும் தொல்லை குறைகிறது. மேலே முதல் நண்பர் சொன்ன மீதி நாளுக்கு இது நேரடியாக உதவும்.

பிரேக்கையும் மறக்காதீர்கள். இடுப்பகலத்தைவிட 5 முதல் 15 மி.மீ. அகலமான பிரேக் போதும். அதற்கு மேல் போனால் ஓரம் பனியில் உரசும்.

பொருத்துபவர் உங்கள் கண் முன்னே வேலை செய்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். டைட்டனால் போட்ட ஸ்கீக்கு 4.1 மி.மீ. துளைமுனை, மற்றவற்றுக்குப் பொதுவாக 3.6, ஆழம் 9 மி.மீ. எது என்று ஸ்கீயின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். துளைக்குள் பசை விட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் இறங்கி மரம் ஊதும். திருகின் தலை போசிட்ரைவ் 3. சாதாரண நட்சத்திர முனையால் திருகினால் தலை மழுங்கிப்போகும். கடைசியில், பூட்டைப் போட்டு முன்னழுத்தக் குறியீடு (பின்பகுதி பூட்டை முன்பகுதியோடு தள்ளிப் பிடிக்கும் அழுத்தத்தைக் காட்டுவது) சரியான கோட்டில் நிற்கிறதா என்று அவரே காட்ட வேண்டும். டின் எண் சரி, முன்னழுத்தம் தப்பு என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

———

லிஃப்டை விட்டு ஏறிப் போய் இறங்குபவர்களுக்காகக் கொஞ்சம்.

சாலமன் ஷிஃப்ட், மார்க்கர் டியூக் பிடி, காஸ்ட் என்று இப்போது கலப்பு வகைகள் வந்துவிட்டன. ஏறும்போது பூட்டின் முன்முனையை மட்டும் பிடிக்கும் ஊசி, இறங்கும்போது முழு ஆல்பைன் பைண்டிங். ஷிஃப்ட் ஒன்று ஏறத்தாழ 900 கிராம். காஸ்டில் முன்பகுதியையே கழற்றி மாற்றலாம். கீழே இறங்க உண்மையான பிவட் கிடைக்கும், ஆனால் எடை கூடும், முதுகுப்பையில் ஒரு துண்டு சுமக்க வேண்டும்.

நான் ஒரு கலப்பு வகையைத்தான் வைத்திருக்கிறேன். ஏற்ற முடிவில் நிலை மாற்றும்போது பனி உள்ளே இறுகியிருந்தால் நெம்புகோல் முழுவதும் படியாது. பாதி படிந்த நிலை வெளிப்பார்வைக்குப் படிந்த மாதிரியே தெரியும். ஸ்கீ கம்பின் முனையால் பின்பகுதியின் அடியையும் முன்பகுதியின் இடுக்கையும் குத்திச் சுத்தம் செய்யாமல் நான் பூட்டைச் செருகுவது இல்லை. குளிரில் கை விறைத்து, மற்றவர்கள் காத்திருக்கும்போதும் இதை அவசரப்படுத்த மாட்டேன்.

என் கணக்கு இது: வருடத்தில் பெரும்பாலும் லிஃப்ட் என்றால் சுத்தமான ஆல்பைன் பைண்டிங். ஏறுவது ஒரு மணி நேரத்துக்குள் என்றால் கலப்பு வகை. நாள் முழுக்க ஏற்றம் என்றால் ஊசி பைண்டிங்கும் 1,600 கிராம் ஸ்கீயும், வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஒரே ஜோடியில் மூன்றையும் தேடினால் மூன்றிலும் சுமாராகத்தான் இருக்கும்.

———

நான்தான் தொடங்கியவன். 54 கிலோ சகோதரி சொன்னதை ஏற்கிறேன். நான் கிராமில் சொன்னதை ஒவ்வொருவரும் தங்கள் எடைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆழமான பனியில் கழன்ற ஸ்கீயைத் தேடுவது எப்படி என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். பெரும்பாலானோர் தாங்கள் வந்து நின்ற இடத்துக்குக் கீழே தேடுகிறார்கள். ஸ்கீ பெரும்பாலும் கழன்ற இடத்துக்கு அருகிலேயே, அதாவது உங்களுக்கு மேலே, பனிக்கு அடியில் இருக்கும். கழன்ற புள்ளியை ஒரு கம்பை நட்டுக் குறித்துக்கொண்டு, இன்னொரு ஸ்கீயின் பின்நுனியால் சரிவுக்குக் குறுக்காக, ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீறிக்கொண்டே மேலே போங்கள். குத்துவதைவிடக் கீறுவதில் சீக்கிரம் தட்டுப்படும். பிரேக்கில் பளிச்சென்ற நீள நாடாவைக் கட்டி, கால்சட்டையின் பனிக்காப்புக்குள் சுருட்டி வைத்தால் தேடவே வேண்டாம். கழலும்போது நாடா வெளியே வந்து பனிமேல் கிடக்கும். நாடாவின் மறுமுனையை உடம்போடு கட்டாதீர்கள். பனிச்சரிவு வந்தால் ஸ்கீ ஆளை அடியில் இழுத்துவிடும்.